உப்பைத் தின்ற ஆறு

(பத்தாம் வகுப்பு மாணவி, வடக்கனந்தல்)



கோமுகி அணையைத் திறந்தால் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதமும் திறந்துகொள்ளும். பெரியப்பாவின் நிலம் கடைமடையில் இருக்கிறது. கால்வாய் முழுவதற்கும் சிமெண்டு பூசினால்தான் தம் வயலுக்குத் தண்ணீர் வந்து சேரும் என்பார் அவர். அப்பாவின் கிணறோ கால்வாய் ஓரத்தில் இருக்கிறது. கரையில் கசியும் நீர்தான் அதில் ஊறுகிறது. சிமெண்டு பூசினால் கிணறு வற்றிவிடும் என்பார் அப்பா. இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதால், அம்மா இருவருக்கும் காபி கொடுத்துப் பேச்சை முடித்துவைப்பார்.

கால்வாய்க்குச் சிமெண்டு பூசுவது நல்லதா, கெட்டதா? இதற்கு விடை தேடியபோது அமெரிக்காவின் கொலராடோ ஆற்றின் கதையைப் படித்தேன்.

அந்த ஆறு பாயும் கிராண்ட் பள்ளத்தாக்கு பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது. அக்கடலின் சேறு இறுகிப் பாறையாகி, இன்றும் உப்போடு நிலத்தடியில் கிடக்கிறது. மண் கால்வாய்களில் கசிந்த நீரும், வயலுக்கு மிஞ்சிப் பாய்ந்த நீரும் அப்பாறையில் இறங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு மீண்டும் ஆற்றில் சேர்ந்தன. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பார்கள். உப்பைத் தின்றது ஆறே என்றால், அதைக் குடிக்கும் பயிர் என்ன செய்யும்?

அந்த ஆற்றின் கடைமடை மெக்சிகோ நாட்டில் உள்ளது. 1961-ஆம் ஆண்டு அரிசோனா மாநிலத்தில் ஒரு பாசனப் பகுதியில் தேங்கிய உப்புநீரை இறைத்து ஆற்றில் விட்டார்கள். மெக்சிகாலிப் பள்ளத்தாக்கில் பயிர்கள் கெட்டன, உழவர்கள் போராடினார்கள். 1973-இல் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன. 1974-இல் அமெரிக்கா ஆற்றின் உப்பைக் குறைப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. கிராண்ட் பள்ளத்தாக்கில் கால்வாய்களுக்குச் சிமெண்டு பூசினார்கள். கிளை வாய்க்கால்களைக் குழாய்களாக மாற்றினார்கள். இத்தகைய பணிகளால் இன்று ஆண்டுதோறும் 10 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட உப்பு ஆற்றில் சேராமல் தடுக்கப்படுகிறது.

இதைப் படித்ததும் பெரியப்பா கட்சிதான் சரி என்று நினைத்தேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே எல்லையை ஒட்டிச் செல்லும் ஆல் அமெரிக்கன் கால்வாயில் சுமார் 23 மைல் நீளத்துக்குச் சிமெண்டுக் கால்வாய் அமைத்து 2009-இல் முடித்தார்கள். அதுவரை அக்கால்வாயில் கசிந்த நீரே எல்லைக்கு அப்பால் மெக்சிகாலிக் கிணறுகளில் ஊறிக்கொண்டிருந்தது. கசிவு நின்றதும் அவ்வுழவர்கள் ஊற்றை இழந்தார்கள். சிமெண்டு அதே சிமெண்டுதான்; ஓரிடத்தில் உப்பைத் தடுத்தது, மற்றோரிடத்தில் நல்ல நீரைத் தடுத்தது.

நம் மாநிலத்திலும் கீழ்பவானிக் கால்வாயில் இதே வழக்கு நடந்தது. கடைமடைக்காரர்கள் சிமெண்டு வேண்டும் என்றார்கள். கிணற்றுப் பாசனக்காரர்கள் கூடாது என்றார்கள்.

ஆகவே என் கருத்து இதுதான்: கால்வாயின் மேல் சிமெண்டு பூசும் முன், கால்வாயின் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கல்வராயன் மலையடிவாரம் கடினப் பாறை நிலம். கிராண்ட் பள்ளத்தாக்கைப் போன்ற கடற்படுகை இங்கே இல்லை. நல்ல நீர் கசிந்து கிணற்றில் ஊறும் இடத்தில் மண் கரையை விட்டுவைக்கலாம். உவர் பூத்த நிலத்தை ஒட்டிய பகுதிக்கும், கரை உடைந்து நீர் வீணாகும் பகுதிக்கும் மட்டும் சிமெண்டு பூசலாம். அதற்கும் முன்னால் தூர் வாரி, பழுதான மதகுகளைச் சரிசெய்து, முறை வைத்துத் தண்ணீர் விட்டால் கடைமடைக்குப் பாதி வழக்கு தீரும்.

இதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். ஆளுக்கொரு பாட்டில் கிணற்று நீர் கொண்டு வருவோம். அணை திறக்கும் முன் ஒரு முறை, திறந்தபின் ஒரு முறை. கிணற்றில் எத்தனை முழம் நீர் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்வோம். ஆசிரியரின் துணையோடு உப்பின் அளவைச் சோதித்து, ஊரின் படத்தில் குறித்து வைப்போம். எந்த இடத்துக் கசிவு வரம், எந்த இடத்துக் கசிவு கேடு என்பதை அந்தப் படமே காட்டிவிடும்.

முதல் பாட்டில் எங்கள் கிணற்றிலிருந்து வரும். இரண்டாவதைப் பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறேன். தருவதாகச் சொல்லியிருக்கிறார்.