நல்லதைத்தானே சொல்லிக்கொடுப்பார்கள்

சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டதும், தேவாலயத்தின் வாயிலில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான விளம்பரத் தட்டியும், பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பண்புப் பயிற்சி முகாமுக்கான சுவரொட்டியும், பள்ளிவாசல் பலகையில் கோடைக்காலத் தீனிய்யாத் வகுப்புக்கான அறிவிப்பும் அநேகமாக ஒரே வாரத்தில் தோன்றுகின்றன. நடத்துகிறவர்கள் வேறு, போதிக்கப்படும் விஷயம் வேறு; ஆயினும் பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு வீடு திரும்பும் பெற்றோரின் நெஞ்சில் குடிகொண்டிருக்கும் நம்பிக்கை மட்டும் மத பேதமின்றி ஒன்றாகவே இருக்கிறது. "சாமி காரியம்; நல்லதைத்தானே சொல்லிக்கொடுப்பார்கள்" என்பதே அது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால், சொல்லிக்கொடுப்பவர் யார், சொல்லிக்கொடுப்பது யாது, எந்த விதமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், இரவில் பிள்ளை எங்கே யாருடைய பொறுப்பில் படுக்கிறது என்ற விசாரணைகளெல்லாம் அநாவசியமாகிவிடுகின்றன; கேட்கிறவன் நாஸ்திகன் என்றோ வம்புக்காரன் என்றோ பெயரெடுக்கிறான். இந்த நம்பிக்கை தவறானது என்பதும், பக்தியின் பெயரால் உலவுகிற அசிரத்தையே இது என்பதும், குழந்தைகளுக்கு மாத்திரமின்றிச் சமயத்துக்கே இது தீங்கிழைக்கிறது என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

முகாம்களின்மீது எனக்குப் பகையில்லை. இவை தோன்றிய வரலாறு இரக்கத்தின் வரலாறு. இங்கிலாந்தில் குளஸ்டர் நகரத்தில் 1780ஆம் ஆண்டில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியைத் தொடங்கியபோது, வாரத்தில் மற்ற நாளெல்லாம் உழைத்து ஓய்ந்த ஏழைச் சிறுவர்களுக்கு எழுத்தறிவு கிட்டும் நாளாக அந்த ஒரு நாளே இருந்தது. 1898ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், கோடை விடுமுறையில் தெருவோடு திரிந்த பிள்ளைகளைக் கண்டு மனம் பொறாத ஹாஸ் என்னும் அம்மையார், பீர் விற்கும் கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து அவர்களுக்கு வேதப் பாடம் நடத்தினார். நம் ஊர்களிலும், காலையில் கூடி ஆக்ஷன் பாட்டுப் பாடி, யோனாவை விழுங்கிய பெரிய மீனைப் பொம்மலாட்டத்தில் பார்த்து வியந்து, மனப்பாட வசனத்தை ஒப்புவித்துப் பன்னும் தேநீரும் பெற்று, கடைசி நாள் ஊர்வலத்தில் காகிதத் தொப்பியணிந்து கோஷமிட்டு வரும் பிள்ளைகளின் முகத்திலே தெரியும் ஆனந்தம் மெய்யான ஆனந்தம். தேவாரப் பதிகம் ஒன்றைப் பண்ணோடு பாடக் கற்ற சிறுமியும், குர்ஆனைத் தஜ்வீது என்னும் ஓதல் விதி பிசகாமல் ஓதக் கற்ற சிறுவனும் ஆயுள் முழுவதும் குறையாத செல்வத்தைப் பெற்றவர்களே. நன்மை செய்யும் ஆற்றல் இவ்வளவு இருக்கிற இடத்தில் தீமை செய்யும் ஆற்றலும் அவ்வளவு இருக்கும் என்பதனால்தான், கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவதை நான் கண்டிக்கிறேன்.

முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தும் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்தும் வாங்குகிற நாம், வயிற்றில் பிறந்த பிள்ளையை நான்கு நாள் முன்பின் அறியாதவர் கையில் ஒப்படைக்கும்போது எதையும் பார்ப்பதில்லை. வெளியூரில் நடக்கவிருந்த முகாம் ஒன்றுக்காக என் அக்காள் மகனிடம் கொடுத்தனுப்பிய சம்மதப் படிவத்தை நான் வரிவரியாக வாசித்தேன். பிள்ளையின் இரத்த வகை, சைவமா அசைவமா, கட்டணம், போர்வையும் டார்ச் லைட்டும் கொண்டுவர வேண்டும், செல்போன் கொண்டுவரலாகாது என்பவையெல்லாம் அதில் இருந்தன. "முகாமில் நேரும் எவ்வித அசம்பாவிதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பேற்காது" என்ற வரி தடித்த எழுத்தில் இருந்தது. இரவில் பிள்ளைகளோடு தங்கும் பெரியவர்கள் யார், அவர்களைத் தேர்ந்தெடுத்தவர் யார், குளிக்கப் போகும் இடத்தில் ஆறோ கிணறோ உண்டா, நடு இரவில் பிள்ளை அம்மாவோடு பேச வேண்டுமென்று அழுதால் என்ன செய்வார்கள் என்பவற்றைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை. செல்போன் கூடாது என்பதற்கு நியாயம் உண்டு. ஆனால் பிள்ளை வீட்டோடு பேசுவதற்கு வேறொரு வழியைச் சொல்லாமல் இருக்கிற ஒரே வழியை அடைப்பதற்கு என்ன நியாயம் உண்டு? அத்திம்பேரோ, கையெழுத்துப் போட வேண்டிய இடம் எது என்று மட்டுமே கேட்டார்.

"கோயிலைச் சேர்ந்தவர்கள் அப்படியெல்லாம் நடந்துகொள்வார்களா?" என்று கேட்பவர்கள், நம் நாட்டுச் சட்டத்தைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காப்பதற்கென 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட போக்சோ சட்டம், சமய நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்கு வரும் குழந்தையிடம் இழைக்கும் குற்றத்தைச் சாதாரணக் குற்றத்தைவிடக் கொடிய வகையில் சேர்த்து, அதற்குக் கூடுதலான தண்டனையை விதித்திருக்கிறது. பாதிரியாரிடமும் சுவாமியிடமும் ஹஜரத்திடமும் குழந்தைக்கு இயல்பாக உண்டாகும் பணிவே, தீயவன் ஒருவன் அந்த ஸ்தானத்தில் வந்து அமரும்போது, குழந்தையின் வாயைக் கட்டும் கயிறாக மாறுகிறது என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில், நிறுவனங்களில் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகளைக் குறித்து 2013 முதல் 2017 வரை விசாரணை நடத்திய ராயல் கமிஷன் பதினேழு தொகுதிகளாக வெளியிட்ட அறிக்கையில், சமய நிறுவனங்களுக்கென்றே ஒரு தொகுதியை ஒதுக்க வேண்டியிருந்தது. குழந்தைகள் முறையிட்டபோது ஸ்தாபனத்தின் நற்பெயரைக் கருதி மூத்தவர்கள் அதை மறைத்ததையும் அக்கமிஷன் விரிவாகப் பதிவு செய்தது. முகாம் நடத்துகிற நல்லவர்களை இது அவமதிப்பதாகாது. தீயவன் நாடிச் செல்வது கேள்வி கேட்கப்படாத இடத்தை; அந்த இடத்தை அவனுக்கு ஆயத்தம் செய்து வைப்பது நம்முடைய மௌனம்.

உடலுக்கு நேரக்கூடிய தீங்கைப் பற்றிச் சொன்னால் செவிசாய்ப்பவர்கள்கூட, மனத்துக்கு நேரக்கூடியதைப் பற்றிச் சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாலிப முகாம்கள் பலவற்றின் கடைசி இரவை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுப்பப்பட்டு நடுநிசி நெருங்கும் வரை கூட்டமும் பாட்டுமாக நாள்களைக் கழித்து உறக்கமின்றிச் சோர்ந்த பிள்ளைகளை ஒரு கூடத்தில் உட்கார வைத்து, விளக்கைக் குறைத்து, கீபோர்டில் மெல்லிய இசையை எழுப்பி, "இன்றிரவே உன் உயிர் பிரிந்தால் நீ எங்கே போவாய்?" என்று ஒருவர் தழுதழுத்த குரலில் கேட்கிறார். முதலில் ஒருவன் எழுந்து முன்னே போய் முழந்தாளிடுகிறான். பிறகு பத்துப் பேர். பிறகு, உட்கார்ந்தே இருப்பதற்குக் கூசி, மீந்தவர்களும். அந்தக் கண்ணீரை அர்ப்பணிப்பு என்று மறுநாள் பெற்றோரிடம் சொல்கிறார்கள். வேறொரு முகாமில் இதே சோர்வையும் இதே இருட்டையும் வைத்துக்கொண்டு நரகத்துக்குப் பதிலாக அடுத்த தெருவில் வாழும் அந்நிய மதத்தானைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள், கருவி ஒன்றே. மனமாற்றம் என்னும் அனுபவத்தைச் சாஸ்திரரீதியாக ஆராய்ந்து 1899ஆம் ஆண்டில் நூல் எழுதிய ஸ்டார்பக், அத்தகைய அனுபவங்கள் பெரிதும் பதின்பருவத்திலேயே திரள்கின்றன என்று கண்டார். இளம் நெஞ்சு உண்மையான சமய அனுபவத்துக்குத் திறந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. பெரியவர் ஒருவர் மூட்டும் அச்சத்துக்கும் அதே அளவு திறந்திருக்கிறது என்பதற்கும் அதுவே சாட்சி.

தாய் வழியில் கிறிஸ்தவமும் தந்தை வழியில் சைவமும் கலந்த குடும்பம் ஒன்றை நான் அறிவேன். அந்த வீட்டுப் பெண் குழந்தை முகாமிலிருந்து திரும்பி வந்த பின், மாலையில் ஆச்சி குத்துவிளக்கு ஏற்றும் வேளையில் கூடத்தைவிட்டு எழுந்து போய்க் கொல்லைப்புறத்தில் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டது. அதுவரை எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்தி நின்றது அக்குழந்தைதான். காரணம் கேட்டதற்கு முதலில் பதில் இல்லை, பிறகொருநாள், "ஆச்சி நரகத்துக்குப் போகாம இருக்கணும்னா நான் என்ன செய்யணும், மாமா?" என்று என்னிடம் கேட்டது. பேத்தி ஏன் விலகி நிற்கிறாள் என்பது அந்த மூதாட்டிக்குத் தெரிந்தே இருந்தது. குழந்தையின் தகப்பனாரிடம் பேசினேன். "போகப் போகச் சரியாயிடும், நல்லதுக்குத்தானே சொல்லியிருப்பாங்க" என்றார். பாட்டியின்மீது வைத்த அன்பையே பாட்டிக்காக அஞ்சும் அச்சமாக மாற்றிய ஒரு போதனையை நல்லது என்று ஏற்க என்னால் இயலாது.

காந்தியடிகள் தம் இளம்பிராயத்தைப் பற்றிச் சத்திய சோதனையில் எழுதியிருக்கும் இரண்டு செய்திகள் இங்கே பொருந்துகின்றன. பேய்க்கும் பிசாசுக்கும் நடுங்கிய சிறுவனுக்கு, வீட்டுப் பணிப்பெண்ணான ரம்பா, பயம் தோன்றும்போது இராமநாமத்தைச் சொல் என்று கற்பித்தாள். அந்த நாமம் கடைசிவரை அவருக்குத் துணையாயிற்று. ராஜகோட்டில் பள்ளிக்கூடத்தின் அருகே நின்று இந்துக்களையும் அவர்களுடைய தெய்வங்களையும் இழித்துப் பேசிய பாதிரிமாரின் பிரசங்கமோ, கிறிஸ்தவத்தின்மீதே அவருக்கு நெடுநாள் வெறுப்பை ஊட்டியது. பயத்தை நீக்கியவள் ஒரு வேலைக்காரி; வெறுப்பை விதைத்தவர்கள் கற்றறிந்த போதகர்கள். சமயத்தைப் போதிக்கிறவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர் போதிப்பது நன்மையாகிவிடுமென்றால், இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை எப்படி விளக்குவது?

முகாமுக்குப் போய்வந்தால் ஒழுக்கம் வந்துவிடும் என்ற பேச்சுக்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. வீட்டில் பொய் சொல்லும் தகப்பனும், வேலைக்காரியை ஏசும் தாயும் இருக்க, பத்து நாள் பாடம் பிள்ளையைச் சத்தியவானாக்கும் என்று எதிர்பார்ப்பது, தாம் செய்ய வேண்டியதைக் கட்டணம் செலுத்திப் பிறரிடம் தள்ளிவிடுவதாகும்.

புனிதமான காரியத்தைக் கேள்வி கேட்பதே பாவமல்லவா என்று சிலர் மெய்யாகவே அஞ்சுகிறார்கள். பின்னாளில் விவேகானந்தரான நரேந்திரன், தட்சிணேசுவரத்துக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், பணத்தின் ஸ்பரிசமே தம் குருவான இராமகிருஷ்ண பரமஹம்சருக்கு ஆகாது என்பதைச் சோதிக்க எண்ணி, அவர் இல்லாத வேளையில் படுக்கையின் அடியில் நாணயம் ஒன்றை ஒளித்து வைத்ததும், படுக்கையைத் தொட்டதும் துடித்து விலகியவர், நடந்ததை உணர்ந்த பின்னும் சீடனைக் கோபிக்காமல் மகிழ்ந்ததும் அவருடைய சரித்திரத்தில் சொல்லப்படுகின்றன. குருவே சோதனைக்கு உவந்து உட்பட்ட தேசத்தில், முகாம் நடத்தும் இளைஞர் சங்கத்தின் செயலாளர் சோதனைக்கு அப்பாற்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. கேட்டவுடன் முகம் சுளிப்பவர்களிடம் பிள்ளையை விடாமல் இருப்பதற்கு அந்தச் சுளிப்பே போதிய காரணம்.

இதில் பிள்ளையின் மனம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்விக்கூடத்தில், மாணவரின் சம்மதமின்றி, அவர் சிறுவராயின் காப்பாளரின் சம்மதமின்றி, சமய போதனையில் கலந்துகொள்ளுமாறு எவரையும் நிர்ப்பந்திக்கலாகாது என்று நம் அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு விதிக்கிறது. தோப்பிலும் மண்டபத்திலும் நடக்கும் முகாமுக்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது. அங்கே காப்பாளரின் விவேகம் ஒன்றே காவல். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றி 1992இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கை, பெற்றோர் வழிகாட்டும் உரிமையை மதிக்கிறது. ஆனால் குழந்தையின் அறிவு வளர வளர அதற்கேற்ப அந்த வழிகாட்டல் அமைய வேண்டும் என்றும் சொல்கிறது. ஆறு வயதுக் குழந்தையை நாம் கைப்பிடித்து அழைத்துச் செல்லலாம்; பதினான்கு வயதுப் பையன் "எனக்கு வேண்டாம்" என்றால், ஏன் என்று கேட்டுப் பொறுமையாகக் காதுகொடுக்க வேண்டும்; சென்ற ஆண்டு போய்வந்தவன் அதைச் சொன்னால் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். சிநேகிதனோடு போகிறேன் என்று ஆசையோடு கேட்கும் பிள்ளையை, அது வேறு மதத்தார் நடத்துவது என்ற ஒரே காரணத்துக்காகத் தடுப்பவரும் விசாரிக்காமல் அனுப்புகிறவரைப் போலவே நடந்துகொள்கிறார். இருவருமே வாசற்பலகையை வாசித்ததோடு நின்றுவிட்டவர்கள்.

முகாம் நடத்துகிறவர்களிடமும் எனக்கொரு கோரிக்கை உண்டு. அடுத்த முறை படிவத்தை அச்சிடும்போது, பொறுப்பேற்காது என்ற வரியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இரவில் பிள்ளைகளோடு தங்கும் பெரியவர்களின் பெயர்களையும், கடைசி இரவு நிகழ்ச்சியில் என்ன நடக்கும் என்பதையும், பிள்ளை விரும்பும்போது வீட்டோடு பேசலாம் என்பதையும், பெற்றோர் முன்னறிவிப்பின்றி எந்த நேரத்திலும் வந்து பின்வரிசையில் உட்காரலாம் என்பதையும் அச்சிடுங்கள்.