எடுத்தாச்சு, இன்னும் என்ன?

"கர்ப்பப்பைய எடுத்தாச்சுல்ல, இன்னும் என்ன?" கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காகப் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பும் பெண்ணிடம் மாமியார் கேட்கிறார், கணவர் கேட்கிறார், வெளியே நீண்ட வரிசை காத்திருக்கும்போது சில மருத்துவர்களும் கேட்கிறார்கள். பிள்ளை பெற்றாயிற்று, பையில்தான் நோய் இருந்தது, பை போனதும் நோயும் போயிற்று என்பது இந்தக் கேள்விக்குள் இருக்கும் நம்பிக்கை. இது தவறு. பிழைத்து வந்த பெண்ணின் வாயை அடைக்கும் தவறு.

திண்டுக்கல் மாவட்டத்துக்கு இதைப் பற்றிப் பேச மற்ற ஊர்களைவிடக் கூடுதல் உரிமை உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி உலகமே படிக்கும் ஆய்வு ஒன்று நடந்தது இங்கேதான். ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையமும், பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் மற்ற மருத்துவ நிறுவனங்களோடு சேர்ந்து 2000-இல் அதைத் தொடங்கின. மாவட்டத்தில் 114 தொகுதிகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. பாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்கள் சோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். 31,343 பேர் வந்தார்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தை வெறும் கண்ணாலேயே கண்டுபிடித்தார்கள். சோதனை நடந்த தொகுதிகளில் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்ததை 2007-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது.

எத்தனை பேருக்கு நோய் வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்ற இரண்டும்தான் அந்த ஆய்வின் அளவுகோல்கள். அதன் நோக்கத்துக்கு அது சரி. ஆனால் ஊரும் வீடும் இன்றுவரை அந்த இரண்டை மட்டுமே கணக்கில் வைத்திருக்கின்றன. உயிரோடு இருப்பவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க ஆளில்லை.

அந்த ஆபரேஷனில் உண்மையில் என்ன நடக்கிறது? வியன்னாவின் எர்ன்ஸ்ட் வெர்த்தைம் 1898-இல் செய்து காட்டிய முறையின் வழித்தோன்றல்தான் இன்றைய பெரிய ஆபரேஷன். கர்ப்பப்பையோடு அதைத் தாங்கும் திசுக்கள், யோனியின் மேல்பகுதி, இடுப்பு நிணநீர்க் கணுக்கள் எல்லாமே எடுக்கப்படுகின்றன. சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் மெல்லிய நரம்புகள் அந்தத் திசுக்களுக்குள்தான் ஓடுகின்றன. அவை அறுபட்டால் ஒன்றுக்கு வருவதே தெரியாது; தெரிந்து போய் உட்கார்ந்தாலும் முழுதாகப் போகாது; இருமினால் கசியும். மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் ஷிஃப்ட் பார்க்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதை ஒவ்வொரு முறையும் மெஷினை விட்டு எழுந்துபோக அனுமதி கேட்டவர்கள் அறிவார்கள்.

இதெல்லாம் மனப்பிரமை என்பவர்களுக்கு 2024-இல் பதில் வந்துவிட்டது. கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்த, ஆபத்துக் குறைந்த 700 பெண்களிடம் பல நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான பெரிய ஆபரேஷன், மற்றவர்களுக்குச் சுற்றியுள்ள திசுக்களை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை எடுக்கும் எளிய ஆபரேஷன். மூன்றாண்டுகளில் இடுப்புப் பகுதியில் நோய் திரும்பிய விகிதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். நான்கு வாரங்களுக்குப் பின்னும் சிறுநீர் கசிந்தவர்கள் எளிய ஆபரேஷனில் 4.7 சதவீதம், பெரிய ஆபரேஷனில் 11 சதவீதம். சிறுநீர் தேங்கி நின்றவர்கள் 0.6 சதவீதமும் 9.9 சதவீதமும். கத்தி எவ்வளவு தூரம் போகிறதோ அதற்கேற்பத் தொல்லையும் கூடுகிறது. கற்பனைக்கு இப்படி ஒரு கணக்கு இருக்க முடியாது.

கால் வீக்கம் இதைவிடக் கொடுமை, ஏனென்றால் அது ஊர் கண்ணில் படும். கணுக்களை எடுத்தபின் நிணநீர் வடிய வழியில்லாமல் கால் பருக்கிறது. மாதங்கள் கழித்தும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். பார்த்தவர்கள் யானைக்கால் என்று முடிவுகட்டி விலகி உட்காருகிறார்கள். யானைக்கால் கொசு பரப்பும் புழுவால் வருவது. அதற்கான மாத்திரையைத் தின்றால் இந்த வீக்கம் வற்றாது. இறுக்கமான காலுறை, முறையாக நீவிவிடுதல், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவைதான் இதற்கு வைத்தியம். நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் செருப்பில்லாமல் மல்லிகைக் கொல்லையில் இறங்கும் பெண்ணுக்கு ஒரு முள் கீறலே போதும், கிருமி ஏறிக் காய்ச்சலில் படுத்துவிட. காலைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டாமா?

படுக்கையறையைப் பற்றி யாரும் வாய் திறப்பதே இல்லை. சூலகங்களையும் எடுத்திருந்தால் நாற்பது வயதுக்காரிக்கு ஒரே நாளில் மெனோபாஸ் வந்துவிடுகிறது. உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, தூக்கம் போகிறது, எலும்பு தேய்கிறது. ரேடியேஷனும் கொடுத்திருந்தால் யோனி குறுகி, உறவு வலியாகிறது. புற்றுநோய் தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் பாயைத் தனியே போடும் கணவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் தொற்றாது. வலிக்கும் வறட்சிக்கும் சிகிச்சைகள் உண்டு. கணவரையும் உட்காரவைத்து இதைச் சொல்வது மருத்துவமனையின் வேலை.

"எடுத்தாச்சு" என்ற சொல் இன்னொரு விதத்தில் உயிருக்கே உலை வைக்கிறது. பை இல்லையென்றாலும் யோனியின் மேல்முனையிலோ இடுப்பிலோ நோய் திரும்பலாம். அதனால்தான் முதல் இரண்டு வருடம் சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நம்புகிறவள் எதற்கு மதுரைக்கு பஸ் ஏறப் போகிறாள்?

இதையெல்லாம் வெளியே பேசினால் பெண்கள் பயந்து சோதனைக்கே வரமாட்டார்கள் என்ற ஆட்சேபம் ஒன்று உண்டு. இதற்கும் திண்டுக்கல்லே பதில் சொல்லிவிட்டது. அந்த ஆய்வில் புற்றாக மாறுமுன் கண்டுபிடிக்கப்பட்ட பெண்களில் பலருக்குக் குளிரூட்டி உறையவைக்கும் சிகிச்சையே போதுமானதாக இருந்தது. கர்ப்பப்பை இருந்த இடத்திலேயே இருந்தது. தாமதித்தால் என்னென்ன இழக்க நேரும் என்று தெரிந்தவள்தான் சீக்கிரம் வருவாள்.

பெரிய செலவும் தேவையில்லை. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்தப் பணியாளர்களுக்கு நிணநீர் வீக்கத்தைக் கவனிக்கவும், சிறுநீர்ப்பைப் பயிற்சி சொல்லித்தரவும் கற்றுக்கொடுக்கலாம். ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அவரவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே போய்ச் சேர வேண்டும். காலுறை காப்பீட்டிலேயே கிடைக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே சிறுநீர், கால், உறவு, மனம் என்ற நான்குக்கும் எப்போது, யாரிடம் வர வேண்டும் என்பதைத் தமிழில் எழுதித் தர வேண்டும்.