தர்மத்தை இழந்த கேடயம்!

ஆகஸ்ட் பிறந்தால் இங்கிலாந்தில் கால்பந்து சீசன் களைகட்டிவிடும். பிரீமியர் லீக் தொடங்கும் முன், பெரும்பாலும் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில், ஒரே ஒரு போட்டி நடக்கும். முந்தைய சீசனில் லீக் பட்டம் வென்ற அணியும், எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணியும் மோதும். ஜெயித்தவருக்குக் கோப்பை கிடையாது, கேடயம்தான். அதன் பெயர் கம்யூனிட்டி ஷீல்டு.

'இதெல்லாம் ஒரு பட்டமா? ஜெயித்தால் சாம்பியன், தோற்றால் பயிற்சி ஆட்டம்!' என்று ரசிகர்கள் கிண்டலடிப்பது வழக்கம். ஆனால், 2025-ல் லிவர்பூலை பெனால்டி ஷூட் அவுட்டில் வீழ்த்திய கிறிஸ்டல் பேலஸ் ரசிகர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அந்த ஆண்டு மே மாதம்தான் அவர்களின் அணி தன் வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பையை வென்றிருந்தது. மூன்றே மாதத்தில் கேடயமும் வந்து சேர்ந்தது.

யார் ஜெயித்தாலும் இந்தப் போட்டிக்கு இன்னொரு கணக்கு உண்டு. 1908-ல் மான்செஸ்டர் யுனைடெட்டும் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸும் முதன்முதலாக மோதியபோது இதன் பெயர் சாரிட்டி ஷீல்டு. அதாவது, தர்மக் கேடயம். வசூல் நல்ல காரியங்களுக்குப் போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. முதல் ஆட்டம் 1-1 என டிராவில் முடிய, மறு ஆட்டத்தில் யுனைடெட் 4-0 என வென்றது.

தர்மம் என்று பெயர் வைத்தால் மட்டும் போதுமா? கணக்கும் காட்ட வேண்டுமே! டிக்கெட் பணத்தில் எவ்வளவு தர்மத்துக்குப் போகிறது என்று கால்பந்து சங்கம் தெளிவாகச் சொல்லவில்லை, கொடுக்க வேண்டிய பணத்தையும் தாமதப்படுத்தியது என்று அந்த நாட்டின் அறக்கட்டளை ஆணையம் கண்டித்தது. விளைவு, 2002-ல் பெயரிலிருந்த 'சாரிட்டி' போய் 'கம்யூனிட்டி' வந்தது. 94 வருடப் பெயர், கணக்கு வழக்கில் போனது!

பெயர் போனாலும் நோக்கம் போகவில்லை. இப்போது டிக்கெட், போட்டி மலர் விற்பனையில் திரளும் பணம், எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்றிலிருந்து ஆடிய 124 கிளப்புகளுக்கும் பிரித்துத் தரப்படுகிறது. அவை தங்களுக்குப் பிடித்த தொண்டு அமைப்புக்கோ, உள்ளூர் நலப் பணிக்கோ அதைக் கொடுக்கின்றன.

முதல் சுற்றிலேயே தோற்று வீடு திரும்பிய சின்ன ஊர் கிளப்புக்கும் இதில் பங்கு உண்டு. கேடயம் ஒரு அணிக்கு. பலன் 124 ஊர்க்காரர்களுக்கு!