லினக்ஸ் மேல பழி போடுறதுக்கு முன்னாடி அந்தக் கேபிளைப் பாருங்கப்பா!

லேபில் பழைய மெஷின் ஒன்றில் லினக்ஸ் போட்டால் போதும், பத்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிடும்: "லினக்ஸ்னாலே ஆமை மாப்ள, எக்ஸ்பியே தேவலை." கடைக்குப் போனால் அடுத்த தீர்ப்பு: "டிஸ்க் போச்சு தம்பி, புதுசு வாங்கிரு." இரண்டு பேருமே மெஷினைத் திறந்தே பார்க்கவில்லை!

மேட்டர் இதுதான். டிஸ்கிலிருந்து மெமரிக்குத் தகவல் போக இரண்டு வழி. பிஐஓ முறையில் பிராசசரே ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்க வேண்டும். டிஎம்ஏ முறையில் அது உத்தரவு கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கும். எங்க பரவை மார்க்கெட்டில் கடை முதலாளியே லாரியிலிருந்து மூட்டை இறக்கினால் வியாபாரத்தை யார் பார்ப்பது? அந்தக் கதைதான். பிஐஓ 4-க்குக் காகிதத்திலேயே உச்சம் விநாடிக்கு 16.7 மெகாபைட். யூடிஎம்ஏ 6-க்கு 133.

இது லினக்ஸின் வியாதி இல்லை. நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் எக்ஸ்பியும் ஆறு தடவை பிழை வந்தால் சத்தமில்லாமல் பிஐஓவுக்கு இறங்கிவிடும். லினக்ஸும் பிழை வந்தால் வேகத்தைக் குறைக்கும், ஆனால் அதை லாகில் எழுதி வைக்கும். பல சமயம் குற்றவாளி கேபிள்தான். யூடிஎம்ஏ 33-க்கு மேலே போக 80 ஒயர் கேபிள் வேண்டும். பழைய 40 ஒயர் கேபிளுக்கும் அதே 40 பின்தான் என்பதால் மாட்டினால் பொருந்திவிடும், வேகம்தான் வராது.

நம்ம லினக்ஸ் பண்டிதர்களுக்கும் ஒரு குட்டு உண்டு. யார் கேட்டாலும் "எச்டிபார்ம் டி1 அடி" என்று மந்திரம் ஓதுகிறார்கள். டிஸ்க்குக்கு எச்டிஏ என்று பெயர் இருந்த காலத்து வைத்தியம் அது. எஸ்டிஏ என்று வந்தால் லிப்ஏடிஏவின் ஆட்சி, முறையை அதுவே முடிவு செய்யும். அந்தப் பழைய ஐடிஇ டிரைவர்களையே 2021-ல் கெர்னல் 5.14-ல் தூக்கிவிட்டார்கள். எக்ஸ் ஆப்ஷனை வைத்து வேகத்தைத் திணித்தால் தகவலே கெடலாம், ஜாக்கிரதை!

செய்ய வேண்டியது மூன்றே வேலை. டிமெஸ்ஜி லாகில் யூடிஎம்ஏவா பிஐஓவா, 40 ஒயர் என்ற புலம்பல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண், சிஆர்சி பிழைக் கணக்கு. பழைய எண்ணிக்கை அழியாது, ஆனால் ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றுங்கள். பிறகு எச்டிபார்மின் சின்ன டி ஆப்ஷனால் வேகத்தை அளந்து பாருங்கள்.

லினக்ஸ் மேல் குறையே இல்லையா? இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் சில பதிப்புகள் தகவல் கெடும் என்று பயந்து டிஎம்ஏவை அணைத்தே வைத்திருந்தன. இன்றைக்கும் லாகின் மூலையில் முணுமுணுத்தால் புதுசாக வருகிறவனுக்கு எப்படிக் கேட்கும்? திரையில் சொல்ல வேண்டாமா?

ஆனாலும் இது வெறும் சண்டை இல்லை. 2011-ல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. "அது ஸ்லோ" என்ற ஒற்றை வதந்தியிலேயே திறந்துகூடப் பார்க்காதவர்கள் எத்தனை பேர்! செகண்ட் ஹேண்ட் மெஷினை நம்பிப் படிக்கிறவனுக்கு இந்த வதந்தியின் விலை ஒரு புது டிஸ்க், சில சமயம் ஒரு புது மெஷினே. அந்தக் காசு நம்ம அப்பா அம்மா காசு மக்களே. தீர்ப்பை அப்புறம் சொல்லலாம், முதலில் லாகைப் படியுங்கள்.