மாத்திரை ‘வேலை செஞ்சா’ போதுமா? இருவரிடமும் கேட்கும் ‘எடிட்ஸ்’ கணக்கு

மாத்திரை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் சில மாதங்களில் நோயாளியே அதை நிறுத்திவிடுகிறார். விறைப்புத்தன்மைக் குறைபாட்டுக்குச் சிகிச்சை தரும் டாக்டர்களுக்கு இது பழகிப்போன கதை. தலைவலி போன்ற பக்கவிளைவுகள், செலவு, நேரம் பார்த்து மாத்திரை போடும் எரிச்சல், துணைக்கு விருப்பம் இல்லாதது எனக் காரணங்கள் பல. அப்படியானால் அந்தச் சிகிச்சை ஜெயித்ததா, தோற்றதா?

முதலில் எதை அளந்தார்கள்?

வயாகராவுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 1998 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியானது ‘ஐ.ஐ.இ.எஃப்.’ என்ற கேள்வித்தாள். கடந்த 4 வாரங்களில் விறைப்பு எப்படி இருந்தது, ஆசை எப்படி இருந்தது என 15 கேள்விகள். இன்றும் ஆய்வுகளில் இதுதான் முக்கியமான அளவுகோல்.

தாம்பத்தியத்தில் திருப்தியா என்றும் அது கேட்கும். ஆனால், ‘இந்தச் சிகிச்சை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?’ என்று கேட்காது. பதில் சொல்பவரும் ஆண் மட்டுமே.

எடிட்ஸ் என்ன செய்தது?

இந்த இடைவெளியை நிரப்ப, உளவியலாளர் ஸ்டான்லி ஆல்தாஃப் குழுவினர் 1999-ல் ‘எடிட்ஸ்’ கேள்வித்தாளை வெளியிட்டார்கள். நோயாளிக்கு 11 கேள்விகள், துணைக்குத் தனியாக 5 கேள்விகள்.

எதிர்பார்த்த அளவுக்குப் பலன் இருந்ததா? பயன்படுத்த எளிதாக இருந்ததா? எவ்வளவு சீக்கிரம் வேலை செய்தது? தன்னம்பிக்கை கூடியதா? தொடர்ந்து எடுத்துக்கொள்வீர்களா? இப்படிப் போகின்றன கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். சராசரியை 25-ஆல் பெருக்கினால் 100-க்கு எத்தனை என்று தெரிந்துவிடும். சராசரி 3 என்றால் 75.

துணையின் பதில் ஏன் முக்கியம்?

ஒரு பேச்சுக்கு, கணவர் 80 போடுகிறார், மனைவி 40 போடுகிறார் என வைத்துக்கொள்வோம். கணவரை மட்டும் கேட்ட டாக்டருக்கு இது வெற்றிக் கதை. மனைவிக்கோ, நீண்ட இடைவெளிக்குப் பிறகு உறவு வலியைத் தரலாம். மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சி காரணமாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. ஆனால் யாராவது கேட்டால்தானே தெரியும்?

மதிப்பெண் மட்டும் காரணத்தைச் சொல்லிவிடாது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மனைவி நிரப்பும் தாளில் உண்மை வருமா என்பதும் சந்தேகம்தான். கேள்விகளை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கினாலும் போதாது. ‘திருப்தியா?’ என்றால் ‘பரவாயில்லை’ என்பதுதான் நம் ஊரில் பலரும் தரும் பதில். அந்த ‘பரவாயில்லை’க்கு எத்தனை மதிப்பெண்?

நம் ஊருக்கு என்ன பாடம்?

‘ஆண்மைக் குறைவு’ என்ற சொல்லே இதை ஆணின் தனிப்பட்ட அவமானமாக்கிவிடுகிறது. அதனால்தான் பலர் டாக்டரிடம் போகாமல் மெடிக்கல் ஷாப்பில் ரகசியமாக மாத்திரை வாங்குகிறார்கள். இது ஆபத்து. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் வயாகரா வகை மாத்திரையைச் சேர்த்துப் போட்டால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விறைப்புக் குறைவது சர்க்கரை நோய்க்கோ இதய நோய்க்கோ முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

டாக்டர்கள் எல்லோரும் முழுக் கேள்வித்தாளைக் கையில் கொடுக்க வேண்டியதில்லை. ‘தொடர்ந்து எடுத்துக்க விருப்பமா?’ என்று அவரிடமும், ‘உங்களுக்கு எப்படி இருக்கு?’ என்று அவர் சம்மதத்தோடு துணையிடம் தனியாகவும் கேட்டாலே போதும். இரண்டு பேர் வாழ்க்கைக்கான சிகிச்சைக்கு ஒருவர் மட்டும் மார்க் போடுவது நியாயமில்லை.