நாய்க்கு முடிவெட்டுவது: வீட்டுக்கு மிச்சமா, கைக்கு ஒரு தொழிலா?

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் ஆகஸ்டு 1 முதல் அதே கணக்குதான். வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. ஈப்போவில் ஒரு சின்ன நாயைக் கடையில் குளிப்பாட்டி, முடிவெட்டி, நகம் நறுக்க 80 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் ஒரு நாள் உழைப்பு அதற்கே போதாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை போனால் ஆண்டுக்கு ஏறக்குறைய 700 வெள்ளி.

இது பணக்காரர் பிரச்சினை அல்லவா என்று கேட்கலாம். அல்ல. சுங்கை சிப்புட், செமோர், பீடோர் பக்கத்துத் தோட்டங்களில் நாய் என்றால் லயத்து வாசலில் கிடக்கும் காவல் நாய். குழாயடியில் துணி சோப்பு போட்டுத் தேய்த்தால் வேலை முடிந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் செம்பனையாகி, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே பிள்ளைகள் ஆசைப்பட்டு வந்து சேர்ந்தது ஷிட்சுவும் பூடலும். இந்த வகை நாய்களின் முடி தானாகக் கொட்டி நிற்காது, வளர்ந்துகொண்டே போகும். வெட்டாமல் விட்டால் சடை பிடித்து, அடியில் தோல் புண்ணாகும். நாயைக் கொண்டுவந்த பிறகு இந்தச் செலவைத் தட்டிக் கழிக்க முடியாது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடைகள் மூடியபோது, வேறு வழியில்லாமல் பலர் வீட்டிலேயே கத்தரி எடுத்தார்கள். இப்போது விலைவாசி அதே வேலையைச் செய்யச் சொல்கிறது. கிளிப்பர், சீப்பு, நகவெட்டி, நாய்க்கான ஷாம்பு எல்லாம் சேர்த்து 300 வெள்ளி போட்டாலும், மேலே சொன்ன கணக்கில் நான்கு முறையில் முதல் திரும்பிவிடும்.

ஆனால் கையில் பக்குவம் வேண்டும். சடையைக் குளிப்பாட்டும் முன்பே பிரித்தோ வெட்டியோ எடுக்க வேண்டும். நனைந்தால் அது இன்னும் இறுகும். மனிதர் ஷாம்பு நாயின் தோலுக்கு ஒத்துவராது. கிளிப்பர் ஓட ஓட அதன் பிளேடு சூடாகும்; அடிக்கடி கையில் வைத்துப் பார்க்க வேண்டும். நகத்தின் உள்ளே இரத்தக் குழாய் உண்டு. நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்க வேண்டும். ஹஸ்கி, கோல்டன் ரிட்ரீவர் போன்ற இரட்டை முடி நாய்களை வெயிலுக்கு இதம் என்று மொட்டையடிக்கக் கூடாது. அந்த முடிதான் அவற்றுக்கு வெயிலைத் தடுக்கிறது. உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவும் பழைய தோட்டத்துப் பழக்கம் அறவே வேண்டாம். தோல் வெந்துவிடும்; நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து. உண்ணிக் காய்ச்சலில் சோர்ந்த நாய்க்கு முடிவெட்டு மருந்தாகாது. கால்நடை மருத்துவர்தான் வழி.

சொந்த நாய்க்குச் செய்வது சிக்கனம். பக்கத்து வீட்டு நாய்க்குக் காசு வாங்கிச் செய்தால் அது தொழில். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பலர் கவனிக்காமல் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள்.

முதலாவது, எஸ்.எஸ்.எம். பதிவு. வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் 60 வெள்ளி. இரண்டாவது, 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம். விலங்குகளை வைத்து நடத்தும் தொழில்களுக்கு உரிமம் என்ற ஏற்பாடு இந்தச் சட்டத்தில் உண்டு. கொடுமைக் குற்றம் நிரூபிக்கப்பட்டால் அபராதம் 20,000 வெள்ளியில் தொடங்கி 100,000 வெள்ளி வரை, அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கால்நடைச் சேவைத் துறையிடம் நேரில் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகே பிறர் நாயை ஏற்க வேண்டும். மூன்றாவது, ஊராட்சி மன்றம். நாய் வளர்க்கவே உரிமம் கேட்கும் மன்றம், வீட்டில் நாய்த்தொழில் நடந்தால் கேட்காமல் இருக்காது. அக்கம்பக்கத்தில் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கும் தாமானில் கழிவுநீர், முடி, குரைப்புச் சத்தம் மூன்றையும் நம் வாசலுக்குள்ளேயே அடக்கி வைப்பது சட்டத்துக்கும் மேலான மரியாதை.

நான்காவது, நோய். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. கெடாவும் பினாங்கும் பேராவின் எல்லையைத் தொட்டு நிற்பவை. தடுப்பூசி அட்டை காட்டாத நாயைக் கையால் தொடுவதில்லை என்று முதல் நாளிலேயே விதி வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு தொல்லை எதற்கு, சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். சத்தமில்லாமல் செய்யும் தொழிலுக்கு வங்கியும் இல்லை, கடனும் இல்லை. தெக்குன் நேஷனலின் ஸ்புமி கடனுதவியும், இந்தியப் பெண்களுக்காக அமானா இக்தியார் 2024-இல் கொண்டுவந்த 'பெண்' திட்டமும் நம் சமூகத்தை மனத்தில் வைத்து வந்தவை. அந்தக் கதவைத் தட்டும்போது கையில் தொழில் பதிவும் வரவு செலவுக் கணக்கும் இருந்தால்தான் பேச்சுக்கு ஆதாரம் இருக்கும்.

நாய்க்கு முடிவெட்டும் வேலையை இளக்காரமாகப் பார்க்கும் பேச்சும் நம்மிடையே உண்டு. சிறு பிள்ளைகளையோ முதியவர்களையோ விட்டு வெளியே வேலைக்குப் போக முடியாத பெண்ணுக்கு, நாளுக்கு இரண்டு நாய் என்றாலும் அது ஒரு நாள் கூலிக்கு மேல். மின்சாரம், ஷாம்பு, தேய்மானம் கழித்தாலும் கையில் நிற்கும். முதலில் சொந்த நாயில் ஓராண்டு கை பழகட்டும். அனுபவமுள்ள ஒருவரிடம் சில மாதம் நின்று பழகுவது அடுத்த படி. பதிவும் உரிமமும் கைக்கு வந்த பிறகு வாசலில் பலகை மாட்டலாம். இந்த வரிசை மாறினால், மிச்சம் பிடித்த 700 வெள்ளிக்கு 20,000 வெள்ளி அபராதம் பதில் சொல்ல நேரிடும்.