தடுப்பூசிக்கு ஃப்ரிட்ஜ் வந்தாச்சு... ரிப்பேர் பார்க்க ஆள் எங்கே?

உங்கள் குழந்தைக்குப் போன வாரம் போட்ட தடுப்பூசி மருந்து நல்ல நிலையில் இருந்ததா? ஊசி போட்ட செவிலியருக்கு அது உறுதியாகத் தெரிய வழியில்லை. பக்கத்தில் நின்ற டாக்டருக்கும் அப்படித்தான். தெரிந்த சாட்சி ஒன்றே ஒன்றுதான்: ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஓர் அறையில், வீட்டு ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்த மாதிரி, மேல்பக்கம் மூடி திறக்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் பெயர் ஐஎல்ஆர். சுவர்களுக்குள் ஐஸை வைத்துக்கொண்டு, கரன்ட் போனாலும் குளிரைப் பிடித்துவைக்கும் பெட்டி.

இந்தப் பெட்டிகளை வாங்குவதில் நம் அரசுகள் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. 2020 டிசம்பரில், கொரோனா தடுப்பூசிக்கு நாடு தயார் என்று மத்திய சுகாதாரத் துறை ஒரு கணக்கைச் சொன்னது. 29 ஆயிரம் குளிர்பதன மையங்கள், 45 ஆயிரம் ஐஎல்ஆர்கள், 41 ஆயிரம் டீப் ஃப்ரீசர்கள், ஆள் உள்ளே நடந்து போகும் அளவுக்குப் பெரிய குளிர் அறைகள் 240, சூரிய சக்தி ஃப்ரிட்ஜ்கள் 300. எல்லா ஊடகங்களிலும் வந்த பட்டியல் அது. இவ்வளவும் ரிப்பேரானால் சரிசெய்ய எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண் எந்தத் தலைப்புச் செய்தியிலும் வரவில்லை. யாரும் கேட்டதாகவும் நினைவில்லை.

என் வாதம் இந்த விடுபட்ட எண்ணைப் பற்றியது. பெட்டியைக் கொடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கொடுக்காத இடத்தில், அந்தப் பெட்டி ஒரு விலை உயர்ந்த பீரோ. திருப்பனந்தாள் மாதிரி மாவட்டத் தலைநகரிலிருந்து தள்ளியிருக்கும் வட்டாரங்களில்தான் இது முதலில் உறைக்கும்.

சூடு மட்டும் வில்லன் இல்லை

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் உள்ள மாநிலக் கிடங்கில் இறங்கும் தடுப்பூசி, மண்டலக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு, ஆரம்ப சுகாதார நிலையம் என்று கைமாறி, கடைசியில் கிராம சுகாதார செவிலியரின் தோளில் தொங்கும் வேக்சின் கேரியரில் ஏறுகிறது. வழிநெடுக வெப்பநிலை 2 டிகிரி முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். மேல்மட்டக் கிடங்குகளில் போலியோ சொட்டு மருந்து மட்டும் உறைநிலையில் வைக்கப்படும். இதைத்தான் குளிர்பதனச் சங்கிலி என்கிறார்கள்.

"சூடானா கெட்டுப்போகும், அவ்வளவுதானே?" என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். சூட்டைக் காட்டிக்கொடுக்க ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. குப்பியின் மேல் ஒரு சிறிய வட்டம், அதற்குள் வெளிர் நிறச் சதுரம். சூடு பட்டுப்பட்டு அந்தச் சதுரம் கறுத்து, சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்து குப்பைக்கு. படிக்காதவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

குளிர் அப்படியில்லை. ஹெபடைடிஸ்-பி மருந்து மைனஸ் அரை டிகிரியிலேயே உறைந்துவிடும். டிபிடி, பென்டாவேலன்ட், டிடி என்று அலுமினிய உப்பு கலந்த மருந்துகள் எல்லாமே உறைந்தால் வீண். அந்த உப்பு கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். மறுபடி உருக்கினாலும் பழைய நிலைக்கு வராது. திரிந்த பாலை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுபடி பாலாகிவிடுமா? அந்த மாதிரி. ஆனால் திரிந்த பால் பார்த்தாலே தெரியும். உறைந்து உருகிய தடுப்பூசியைக் குலுக்கி, பக்கத்தில் வேறொரு குப்பியை வைத்து, எது வேகமாக அடியில் படிகிறது என்று பொறுமையாகப் பார்த்தால்தான் தெரியும். குப்பியில் ஒட்டிய அந்தச் சதுரம் இந்த விஷயத்தில் வாய் திறக்காது.

தமிழ்நாட்டுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் இந்தியாவில் முதன்முதலில் அரசுத் திட்டத்தில் வந்தது 2011 டிசம்பரில், கேரளத்திலும் இங்கேயும்தான். பிறகு ஊசி வழி போலியோ மருந்து, நிமோனியா தடுப்பூசி என்று வரிசையாக வந்தன. எல்லாம் உறையக் கூடாத ரகம். பெட்டிக்குள் இருக்கும் சரக்கின் குணமே மாறிவிட்டது. நம் மனதில் மட்டும் இன்னும் "நல்லா ஜில்லுன்னு இருந்தா சரி" என்பதே ஓடுகிறது.

சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 10 மாநிலங்களில் தடுப்பூசிக் கிடங்குகளுக்குள் வெப்பநிலைப் பதிவுக் கருவிகளை வைத்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. கடைக்கோடி சுகாதார நிலையங்களில், மொத்த சேமிப்பு நேரத்தில் 14.7 சதவீதம் 8 டிகிரிக்கு மேல், 10.5 சதவீதம் பூஜ்யத்துக்குக் கீழ். மாவட்டக் கிடங்குகளில் பூஜ்யத்துக்குக் கீழே போன நேரம் 0.6 சதவீதம்தான். அதாவது நிபுணர்கள் பக்கத்தில் இருக்கும் இடத்தில் பெட்டி ஒழுங்காக இருக்கிறது. கிராமத்துக்கு வர வர உறைய ஆரம்பிக்கிறது.

ஏன்? பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணங்கள். கோடையில் கூட்டிவைத்த தெர்மோஸ்டாட்டை கார்த்திகை மழையில் குறைக்க மறப்பது. கூடைகளில் வைக்காமல், அதிகக் குளிரான பெட்டியின் அடித்தரையில் குப்பிகளை அடுக்குவது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை, அது வியர்த்து உள்ளே தண்ணீர் குலுங்கும் வரை காத்திருக்காமல், அவசரத்தில் கேரியருக்குள் திணிப்பது. புதன்கிழமை தடுப்பூசி நாள் காலையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த அவசரம் புரியும்.

காயில் கட்டும் கடையும் ஐஎல்ஆரும்

டெல்டாக்காரர்களுக்கு லோ வோல்டேஜைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. குறுவைக்கு எல்லா போர்செட்டும் ஒரே நேரத்தில் ஓடினால் டியூப்லைட் கண்சிமிட்டும், மோட்டார் காயில் கருகும். அதனால்தான் இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் காயில் கட்டும் கடை இருக்கிறது. ராத்திரி மோட்டார் புகைந்தால் காலையில் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, நாற்று காய்வதற்குள் ஓட்டிவிடலாம். விவசாயி தானாக ஒரு பராமரிப்புச் சங்கிலியைக் கட்டிவைத்திருக்கிறார்.

அதே லைனில், அதே வோல்டேஜில்தான் சுகாதார நிலையத்து ஐஎல்ஆரும் ஓடுகிறது. நாளுக்கு 8 மணி நேரம் கரன்ட் கிடைத்தாலே தாக்குப்பிடிக்கும்படி செய்யப்பட்ட கெட்டிக்காரப் பெட்டிதான். ஆனால் அதற்கு முன்னால் நிற்கும் ஸ்டெபிலைசர் பழுதானால் கம்ப்ரசர் அடிவாங்கும். சரி, கம்ப்ரசர் போய்விட்டது. காயில் கடைக்காரரைக் கூப்பிடலாமா? முடியாது. அரசு சொத்து, தனி நடைமுறை. மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

மாவட்டத்துக்கு ஒரு குளிர்பதன டெக்னீஷியன் என்பதுதான் நாட்டில் பரவலாக உள்ள ஏற்பாடு. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் 14. வடக்கே கொள்ளிடக் கரையில் திருப்பனந்தாள்; தெற்கே கடலோரம் சேதுபாவாசத்திரம். இரண்டுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலை. திருப்பனந்தாளில் ஒரு பெட்டியும் சேதுபாவாசத்திரத்தில் ஒரு பெட்டியும் ஒரே நாளில் நின்றால், அந்த ஒருவர் எந்தப் பக்கம் போவார்? அவர் லீவில் இருந்தால்?

சாதாரண நாளுக்கே இந்தக் கணக்கு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரைகடந்தபோது டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. நல்ல ஐஎல்ஆர் கரன்ட் இல்லாமல் குளிரைப் பிடித்துவைப்பதோ நாள்கணக்கில்தான். திருப்பனந்தாள் பக்கம் அந்தப் புயலில் தப்பித்தது. ஆனால் கொள்ளிடம் பொங்கினால் இந்தப் பக்கத்துத் தாழ்வான ஊர்களுக்கு வேறு விதமான கதை.

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில்தான் அணைக்கரை. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை. அது இத்தனை காலம் வேலை செய்வதற்குக் கல்லும் சுண்ணாம்பும் மட்டும் காரணம் என்று பாசனத் துறையில் இருந்தவர்கள் சொல்லமாட்டார்கள். ஷட்டருக்கு கிரீஸ் போட, ஏற்றி இறக்க லஸ்கர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். லஸ்கர் இடம் காலியானால் கடைமடை விவசாயி சத்தம் போடுவார், ஏனென்றால் வாய்க்காலில் தண்ணீர் வராதது கண்ணுக்குத் தெரியும். தடுப்பூசி பலிக்காதது யார் கண்ணுக்குத் தெரியும்?

மெசேஜ் வருது, ஆள் வரணுமே

இங்கே ஐடி துறையில் இருப்பவர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள்: "இதுக்கெல்லாம் ஆப் இருக்கே?" இருக்கிறது. இவின் என்ற அமைப்பை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு மத்திய அரசு 2015-ல் தொடங்கி, இன்று நாடு முழுக்க விரித்திருக்கிறது. பெட்டிக்குள் ஒரு சென்சார், அதில் சிம் கார்டு. வெப்பநிலை எல்லை தாண்டினால் பொறுப்பானவர்களின் போனுக்கு எச்சரிக்கை போகும். சரக்கு எவ்வளவு இருக்கிறது என்பதும் திரையில் தெரியும். உண்மையிலேயே நல்ல அமைப்பு. குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எச்சரிக்கை ஒரு செய்தி மட்டும்தான். அதைப் படித்துவிட்டு ஸ்பேனரோடு கிளம்ப ஒருவர் வேண்டும். அவர் பையில் சரியான தெர்மோஸ்டாட், ரிலே, ஃபேன் மோட்டார் இருக்க வேண்டும். அவர் பஸ் பிடித்து வர வேண்டும் என்றால் பயணப்படி சரியாக வர வேண்டும். ஆப்புக்கு நிதி கேட்டால் கிடைக்கிறது. பயணப்படிக்குக் கேட்டால் ஃபைல் தூங்குகிறது. நம் அரசு அலுவலகங்களோடு பழகிய எவருக்கும் இது புதிதல்ல.

மத்திய அரசின் கையேடு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. எந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தாலும் பழுதாகி நிற்கும் கருவிகள் 2 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். கூடவே, தகவல் சொன்னதிலிருந்து மெக்கானிக் வர எத்தனை நேரம், பழுதானதிலிருந்து மறுபடி ஓட எத்தனை நாள் என்றும் குறிக்கச் சொல்கிறது. இந்த மூன்று எண்களையும் மாவட்டவாரியாக, மாதாமாதம் பொதுவெளியில் போட்டால் என்ன? தடுப்பூசி 90 சதவீதம், 95 சதவீதம் என்று அறிவிக்கிறோம். போட்ட மருந்து எப்படிப்பட்ட பெட்டியிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

யாருக்குப் பயிற்சி?

இந்தக் கருவிகளைப் பழுதுபார்க்கப் பயிற்சி தரும் தேசிய மையம் புனேயில் இருக்கிறது. அரசு டெக்னீஷியன்கள் அங்கே போய்க் கற்று வருவது தொடரட்டும். ஆனால் மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கு மாறாதவரை, அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒருவர்தான்.

ஆட்கள் ஏற்கெனவே நம் ஊரில் இருக்கிறார்கள் என்பதே என் கட்சி. ஐடிஐயில் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். முடித்த பையன்கள் கும்பகோணத்திலும் திருப்பனந்தாள் கடைத்தெருவிலும் ஏசி சர்வீஸ் பார்க்கிறார்கள். மீதிப் பேர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். புதிய ஐஎல்ஆர்களில் வரும் ஆர்-600ஏ வாயு தீப்பிடிக்கக்கூடியது, கிராம் கணக்கில் எடைபோட்டு ஏற்ற வேண்டியது. இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜ்களிலும் பெரும்பாலும் அதே வாயுதான் என்பதால் இவர்களுக்கு அது பழகிய வேலை.

அவர்களுக்குத் தெரியாதது கம்ப்ரசர் இல்லை, உள்ளே இருக்கும் சரக்கு. வீட்டு ஃப்ரிட்ஜில் "கொஞ்சம் கூடுதலா ஜில்லுன்னு வச்சிருக்கேன் சார்" என்பது நல்ல சர்வீஸ். ஐஎல்ஆரில் அதே வேலை நூற்றுக்கணக்கான டோஸை உறையவைத்துவிடும். பெட்டியைத் தொடும் முன் மருந்தை எங்கே மாற்றுவது, சரிசெய்த பிறகு வெப்பநிலை நிலைப்பதைப் பார்க்காமல் ஏன் மருந்தைத் திருப்பி வைக்கக் கூடாது, பெட்டிக்கும் சுவருக்கும் ஏன் பத்து சென்டிமீட்டர் இடைவெளி... இவற்றைச் சில நாள் வகுப்பில், தஞ்சாவூரிலேயே தமிழில் சொல்லிக்கொடுத்துவிடலாம். தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுத்து, இரண்டு மூன்று ஒன்றியத்துக்கு ஒருவரை மாதக் கட்டணத்தில் ஒப்பந்தம் போடலாம். கேஸ் ஏற்றுவது மாதிரிப் பெரிய வேலையை மாவட்ட டெக்னீஷியன் மேற்பார்வையில் செய்யட்டும்.

"அரசுக் கருவியைத் தனியார் கையில் கொடுத்தால் பொறுப்பு யாருக்கு?" என்பது நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஒன்று கேட்கிறேன்: பத்து நாள் பெட்டி நின்றால் இப்போது பொறுப்பு யாருக்கு? பெரும்பாலும் அந்த நிலையத்து மருந்தாளுநர் தலையில்தான் விழுகிறது. மாத்திரை கொடுப்பது, கணக்கு எழுதுவது, காலையும் மாலையும் ஐஎல்ஆர் வெப்பநிலையைக் குறிப்பது என்று ஏற்கெனவே இருக்கும் வேலைக்கு மேல், மருந்தை ஐஸ் பெட்டியில் போட்டுப் பக்கத்து நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர்தான்.

அவருக்கும் பயிற்சி வேண்டும், ஆனால் அது சிறியது. அரை சென்டிமீட்டர் பனி படிந்தால் உருக்கிவிடுவது, பின்பக்கத் தூசியைத் தட்டுவது, மூடியின் ரப்பர் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது, அந்த பிளக்கில் யாரும் போன் சார்ஜர் மாட்டாமல் டேப் ஒட்டுவது. கம்ப்ரசரின் ஆயுளை நீட்டிப்பது பெரும்பாலும் இந்த மாதிரி வேலைகள்தான்.

அடுத்த முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, அந்தப் பெட்டியின் மேல் ஒரு பதிவுப் புத்தகம் கிடக்கும். காலை, மாலை வெப்பநிலையும் கரன்ட் போன நேரமும் அதில் எழுதியிருக்கும். மேடத்திடம் கேட்டுப் புரட்டிப் பாருங்கள். கடைசியாக மெக்கானிக் எப்போது வந்தார் என்றும் கேளுங்கள்.